மிதவை ஊசியில் இரண்டு வெட்டு

“மேல் வெட்டுல போட்டா ஒழுகத்தான் செய்யும். கீழ் வெட்டுல போடு.”

“எங்கப்பன் ஓட்டுன வண்டி. எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்?”

“நீ ஓட்டத்தான் செஞ்ச. கழட்டி மாட்டுனது மாமனும் நானும். உன்னய அந்தக் கிண்ணத்துக்கிட்டவே உட மாட்டாரு. கிளிப்பக் கோழிப் பட்டியில தொலைச்சவன்தான நீ?”

“முப்பது வருசமாச்சு. இன்னும் அதையே புடிச்சுத் தொங்கிட்டு இரு.”

சீனிவாசலு பட்டறை ஷட்டருக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டான். கையில் டீ வாங்கி வந்த தூக்குப்போசி. உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருந்தது அவன் மனைவி கோமளாவும், அவளுடைய தாய்மாமன் மகன் சென்னகேசவனும்.

பதினாறு வருஷக் குடித்தனத்தில் கோமளா இவனிடம் ஒரு நாளும் இப்படிச் சண்டை போட்டதில்லை. ‘ஏனுங்க’, ‘சரிங்க’, ‘இல்லீங்க’. அதோடு சரி. கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வாள். சண்டை போடக்கூட ஒரு உரிமை வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தான். அந்த உரிமையை அவள் இவனுக்குத் தராமல் எங்கேயோ பத்திரமாக வைத்திருந்து, இன்றைக்கு எடுத்துச் செலவு பண்ணுகிறாள்.

இந்தக் கதையைப் போன வாரம் விட்டுவிட்டவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கணபதி ஏரியாவில் ஒரே ஷட்டர் வைத்த மோட்டார் சைக்கிள் பட்டறை சீனிவாசலுவுடையது. பின்னால் வீடு. செவ்வாய்க்கிழமை கேசவன் பல்லடத்திலிருந்து டெம்போவில் ஒரு வண்டியைக் கட்டி எடுத்துவந்தான். ஐம்பத்திரண்டாம் வருஷத்து இங்கிலீஷ் வண்டி. அவன் அப்பா அழகிரிசாமி ஓட்டியது. அவர் போய்ச் சேர்ந்த ஆறு வருஷமாகக் கோழிப் பண்ணையில் தீவன மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. நாளை ஞாயிற்றுக்கிழமை காலையில் வ.உ.சி. மைதானத்திலிருந்து பழைய வண்டிகள் ஊர்வலம். அதில் இது ஓட வேண்டும் என்று கேசவனுக்கு ஆசை.

கேசவனுக்குக் கோமளாவைக் கட்டிவைப்பதாகத்தான் ஒரு காலத்தில் பேச்சு. ஜாதகம் ஒத்துவரவில்லை. அதன் பிறகுதான் சீனிவாசலு பெண் பார்க்கப் போனான். கேசவனுக்கு இப்போது பெண்டாட்டி இருக்கிறாள், இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். எல்லாம் சீனிவாசலுவுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

இன்னொன்றும் இருக்கிறது. இவர்கள் வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கு. ஒரு பெண் தன் மாமன் மகனை ‘பாவா’ என்று கூப்பிடுவது வழக்கம். அவளைக் கட்டிக்கொள்ள முறை உள்ளவன் என்று அர்த்தம். கேசவனைக் கோமளா வாய் நிறைய ‘பாவா’ என்றுதான் கூப்பிடுவாள். தாலி கட்டிய சீனிவாசலுவுக்குக் கிடைத்தது வெறும் ‘ஏனுங்க’.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனான். சண்டை நின்றது. கோமளா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள். டீ ஆறியிருந்தால் சுட வைத்துத் தருகிறேன் என்று ‘ங்க’ போட்டுச் சொன்னாள். அந்த மரியாதை அவனுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

“தம்பி, நாலு நாளா நீங்களும் பாத்துட்டீங்க. இவ சொல்றாப்ல ஒருக்காப் போட்டுப் பாக்கலாமுங்களா?” என்றான் கேசவன். முறைப்படி இரண்டு பேரும் அண்ணன் தம்பி. கேசவன் இரண்டு வயது பெரியவன்.

நாலு நாள் என்பது உண்மைதான். இன்ஜினை இரண்டாம் நாளே எழுப்பிவிட்டான் சீனிவாசலு. மேக்னெட்டோ, கிளட்ச், பிரேக் எல்லாம் சுத்தம். கார்ப்பரேட்டர் ஒழுகுவது மட்டும் நிற்கவில்லை.

மேல் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் ஒரு பந்து மிதந்து வந்து குழாயை அடைக்கிறதல்லவா, அதே மாதிரிதான் இதுவும். கார்ப்பரேட்டர் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். அதற்குள் எலுமிச்சம்பழ அளவுக்குப் பித்தளை மிதவை. நடுவில் ஊசி. ஊசியின் வெட்டில் ஒரு கிளிப்பைப் போட்டு மிதவையைப் பிடித்துவைப்பார்கள். பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறும், ஊசியைத் தூக்கிக்கொண்டு போய் வழியை அடைக்கும். கிளிப் இருக்கும் உயரத்தைப் பொறுத்துத்தான் கிண்ணத்தில் பெட்ரோல் எவ்வளவு நிற்கும் என்பது.

எல்லா வண்டியிலும் ஊசிக்கு ஒரே வெட்டு. இந்த வண்டியில் இரண்டு இருந்தது. கீழே இருந்ததை ஏதோ பழைய கீறல் என்று சீனிவாசலு நினைத்துவிட்டான். இருபது வருஷமாகக் கை பழகிய இடத்தில், மேல் வெட்டில், கிளிப்பைப் போட்டான். கழற்றிக் கழற்றிப் போட்டான். ஒழுகியது.

“போட்டுப் பாக்கட்டுமே. நமக்கு என்னங்ணா போச்சு?” என்றான். அவள் போடட்டும், ஒழுகட்டும், பாவாவும் பார்க்கட்டும் என்பதுதான் உள்ளே ஓடியது.

கோமளா உட்கார்ந்தாள். சேலையை முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டாள். பெட்ரோல் டேப்பை மூடினாள், மூடியைத் திருகி எடுத்தாள், கிளிப்பை நகத்தால் நெம்பி இடது உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். ஓட்டை இருந்தால் உள்ளே பெட்ரோல் சலசலக்கும். சத்தம் இல்லை. அதன் அடியில் ஈயம் வைத்து அடைத்த ஒரு தடிப்பு இருந்தது. சீனிவாசலுவும் அதைப் பார்த்திருந்தான். யாரோ பற்ற வைத்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் யோசிக்கவில்லை.

அவள் அவனைப் பார்க்காமலே சொன்னாள். மாமன் காலத்தில் இந்த மிதவை ஓட்டையானது, பற்ற வைத்தவன் ஈயத்தை அள்ளி அப்பிவிட்டான். கனம் கூடி மிதவை தாழ்ந்து மிதந்தது. ஊசி வழியை அடைக்கும் முன்னால் கிண்ணம் நிரம்பி வழிந்தது. அதனால்தான் மாமன் லேத்துக்காரரிடம் கொடுத்துக் கீழே இன்னொரு வெட்டுப் போட்டார்.

“எச்சாக் கனம் ஏறுன ப்ளோட்டுக்குக் கீழ் வெட்டுத்தானுங்க,” என்றாள். கிளிப்பை அங்கே போட்டு, மூடியை இறுக்கி, அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து டேப்பைத் திறந்தாள்.

மூன்று பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஒரு சொட்டு விழவில்லை.

கேசவன் உதைத்தான். இரண்டாவது உதைக்கே வண்டி பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து லேத் பட்டறை யாகூப் எட்டிப் பார்த்தான். நாலு நாளாக அவனும் வேடிக்கை பார்த்தவன்.

“என்னங்ணா, நாலு நாளா நின்னு பாத்தீங்க. அக்கா கை வெச்சதும் நின்னுபோச்சு. போர்டுல பேர மாத்திரலாமுங்களா?”

யாகூப் நல்லவன். கிண்டலுக்குத்தான் சொன்னான். சீனிவாசலுவும் சிரித்தான். சிரித்த வாய் அப்படியே இழுத்துக்கொண்டு வலித்தது.

கேசவன் கோமளாவின் தலையில் லேசாகத் தட்டி, “ஜெயிச்சுப்போட்டா,” என்றான். அவள் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். கன்னத்தில் கிரீஸ் கறை. அந்தச் சிரிப்பைச் சீனிவாசலு அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதம். கேசவனுக்குப் பிடிக்கும் என்று செய்தது. ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் பிடித்ததைச் செய்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனாலும், நெய்க் கரண்டி கேசவனின் தட்டுக்கு இரண்டு தரம் போனதைச் சீனிவாசலு எண்ணினான். தன் தட்டுக்கு வந்தது ஒரு தரம். அவன்தான் போதும் என்று கையை மறைத்தான் என்பது நினைவுக்கு வரவில்லை.

மகள் ஹாரிகாவுக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பன்னிரண்டு வயது. ‘பெரியப்பா, பெரியப்பா’ என்று கேசவனை ஒட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா சின்ன வயதில் அந்த வண்டியின் டேங்க் மேல் உட்கார்ந்து பல்லடம் சந்தைக்குப் போனாளாமே, நிஜமா என்று கேட்டாள்.

“உங்கம்மா சும்மாவா வருவா கண்ணு? ஹாரன விடாம அமுக்கிட்டே வருவா. ஊரே திரும்பிப் பாக்கும்,” என்றான் கேசவன்.

சீனிவாசலு பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். சைக்கிள் கடைக்காரர் வண்டி ஒன்று நிற்கிறது, பார்த்துவிட்டு வாரேன் என்று சொல்லிப் பட்டறைக்கு வந்தான்.

வண்டி நடுவில் நின்றது. சாப்பிட்டதும் கேசவன் சத்தி ரோட்டில் ஒரு ஓட்டம் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தான்.

அவன் ரொம்பவெல்லாம் யோசிக்கவில்லை. போகும் வழியில் வண்டி நிற்கட்டும். வெயிலில் தள்ளிக்கொண்டு வரட்டும். கோமளா வாசலில் நின்று அதைப் பார்க்கட்டும். அப்புறம் எல்லார் முன்னாலும் தான் உட்கார்ந்து, கழற்றி, சரியாக மாட்டி, நாளைக்கு ஓட வைக்கலாம். அவ்வளவுதான் அவன் கணக்கு. யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

டேப்பை மூடினான். மூடியைத் திருகினான். கிளிப்பைக் கீழ் வெட்டிலிருந்து எடுத்து மேல் வெட்டில் போட்டான். நாலு நாள் தெரியாமல் செய்த தப்பை இப்போது தெரிந்தே செய்தான்.

பதறாமல் மூடியை இறுக்கினான். அதுதான் அவனுக்கே பின்னால் ஆச்சரியமாக இருந்தது.

கேசவன் கிளம்பும்போது எதிரில் நிற்க முடியாது என்று தெரு முனை டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கனத்த சத்தம் கேட்டது. சந்தில் புகுந்து சத்தி ரோட்டுப் பக்கம் திரும்பித் தேய்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வரை அதிகமாக வரும் பெட்ரோலில் பாதியை இன்ஜினே குடித்துவிடும். எங்கேயாவது நின்றால்தான் வழிய ஆரம்பிக்கும். அப்புறம் எத்தனை உதைத்தாலும் பிடிக்காது. அவன் டீயை நிதானமாகக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

கோமளா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஹாரிகாவின் செருப்பை வாசலில் காணோம்.

“புள்ள எங்க?”

“பாவாகூட வண்டியில போயிருக்காளுங்க. பின்னால ஏறி உக்காந்துட்டு எறங்கவே மாட்டேன்னுட்டா. கோவில்பாளையம் வரைக்கும் போயிட்டு வாரோம்னாருங்க.”

சீனிவாசலுவின் வலது முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. பட்டறை போட்ட புதிதில் ஒழுகின பெட்ரோல் சூடான சைலன்சரில் விழுந்து குப்பென்று பிடித்தது. இந்த வண்டியில் சைலன்சர் குழாய் அந்தக் கிண்ணத்துக்கு நேர் கீழேதான் போகிறது. நாலு நாளாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், மத்தியானம் ஒரு நிமிஷம் அதை மறந்துபோனான். இல்லை, மறக்கவில்லை. நினைத்துப் பார்க்க அவனுக்கு மனசில்லை.

கோமளா அவன் முகத்தைப் பார்த்தாள். “ஏனுங்க, என்னாச்சுங்க?”

அவன் பட்டறையில் நின்ற டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு பறந்தான். யாருடைய வண்டி என்றுகூடப் பார்க்கவில்லை. சத்தி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே, ரோட்டோரம் எங்கேயாவது கூட்டம் தெரிகிறதா, புகை தெரிகிறதா என்று தேடிக்கொண்டே போனான். சாமி பேர் ஒன்றும் வாயில் வரவில்லை. ஹாரிகா பேர்தான் வந்தது.

சரவணம்பட்டி தாண்டி ஒரு பேக்கரி வாசலில் வண்டி நின்றது. கேசவன் உள்ளே டீக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஹாரிகா வண்டி மேலேயே உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தாள். கிண்ணத்தின் மூடியிலிருந்து பெட்ரோல் கோடாக இறங்கி, சைலன்சர் குழாயில் விழுந்து, சுர்ரென்று ஆவியாகிக்கொண்டிருந்தது. வண்டியை வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெரியவர் குனிந்து நின்றார். விரலிடுக்கில் பீடி.

சீனிவாசலு மொபெட்டை அப்படியே கீழே போட்டான். பெரியவரைப் பிடித்து அக்கட்டால தள்ளினான். குழந்தையை இடுப்போடு அள்ளிக்கொண்டு போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டான். திரும்பி வந்து டேப்பை மூடினான். பேக்கரி வாசலில் தீயணைக்க மணல் வாளி தொங்கியது. அதை எடுத்து, கீழே சிந்தியிருந்த பெட்ரோல் மேல் கொட்டினான். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தான்.

தள்ளப்பட்ட பெரியவர் திட்டிக்கொண்டே போனார். கேசவன் டீ கிளாஸோடு வந்தான். அவனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சீனிவாசலுவின் தோளைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

வண்டி ஆறட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு சீனிவாசலு கிண்ணத்தைக் கழற்றினான். ஹாரிகா பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளிப் மேல் வெட்டில் இருந்தது. அவன் அதைக் கீழ் வெட்டுக்கு மாற்றினான்.

கேசவன் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

“அட, மேலயா கெடந்துச்சு? அத்தன சண்டை போட்டுட்டு, அவளே பேச்சு மும்முரத்துல மேல போட்டுட்டாளாட்டருக்குது. நல்லவேளை, நீங்க வந்தீங்க தம்பி.”

காலையில் பத்து நிமிஷம் சொட்டாமல் இருந்ததே என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளும் இல்லை. சீனிவாசலு வாயைத் திறந்தான். இல்லீங்ணா, நான்தான் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். நாக்கு வரைக்கும் வந்தது. மகள் முகத்தைப் பார்த்தான். அவள் இவனை ஏதோ பெரிய வீரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டு மூடியை இறுக்கினான்.

வீட்டுக்கு வந்ததும் கேசவன் வாசலிலிருந்தே கதையை ஆரம்பித்துவிட்டான். தம்பி மட்டும் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு தரம் சொன்னான். கோமளா மகளை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏன் அம்மணி, கிளிப்ப மேல் வெட்டுல போட்டுவெச்சுட்டு, கீழ போட்டேன் கீழ போட்டேன்னு அந்தக் குதி குதிச்சியே,” என்றான் கேசவன். திட்டுகிற மாதிரியும் இல்லை, கிண்டல் மாதிரியும் இல்லை. பயம் இன்னும் தெளியாத குரல்.

கோமளா நிமிர்ந்து சீனிவாசலுவைப் பார்த்தாள். அவன் மொபெட்டின் வளைந்த ஹேண்டிலை நேராக்குவதில் மும்முரமாக இருந்தான்.

“ஆமாங்க பாவா. எம்பட தப்புத்தானுங்க. கை தவறிப்போச்சு,” என்றாள்.

காலையில் அப்படி வாயாடினவள் பாவாவிடமும் ‘ங்க’ போட்டாள்.

கேசவன் கிளம்பும்போது இன்னொன்று சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவனுக்கு முதுகுவலி, ரொம்ப தூரம் உட்கார முடியாது. ஊர்வலத்தில் வண்டியைச் சீனிவாசலுவே ஓட்ட வேண்டும், பின்னால் கோமளா உட்கார வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை கொண்டுவரும்போதே நினைத்துத்தான் கொண்டுவந்தானாம்.

“எங்கப்பனுக்குக் கோமளான்னா உசுரு. அவ அதுல ஏறி ஊர்கோலம் போனா அவரு மேல இருந்து பாப்பாருங்க தம்பி. காலைல ஆறு மணிக்கு வாரேன்.”

அவன் பல்லடம் பஸ்ஸுக்குப் போனான். சாயங்கால வெயில் பட்டறைக்குள் வந்து வண்டியின் டேங்க் மேல் விழுந்தது. கோமளா காலையில் விரித்த செய்தித்தாள் இன்னும் தரையிலேயே கிடந்தது. சொட்டு விழாத தாள். அவள் அதை எடுத்து நாலாக மடித்தாள்.

சீனிவாசலு காத்திருந்தான். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். காலையில் கேட்டானே ஒரு சண்டை, அந்த மாதிரி ‘நீ’ போட்டு, கோழிப் பட்டியை எல்லாம் இழுத்து ஒரு சண்டை போட்டால் போதும் என்றிருந்தது. அப்படிப் போட்டால் காலில் விழுந்துகூட ஒப்புக்கொண்டிருப்பான்.

அவள் கத்தவில்லை. மடித்த தாளை அவன் பக்கத்தில் வைத்தாள்.

“ஒழுகறத நீங்க பாக்கவே இல்லீங்களே. பாக்காமயே ஓடுனீங்க,” என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. ராத்திரிக்கு அரிசி களைகிற சத்தம் கேட்டது.

வாசகர்களே, போன வாரம் வந்த கடிதங்களில் பாதிப் பேர் கேசவனை ஏன் வீட்டுக்குள் விட்டீர்கள் என்று என்னைத் திட்டியிருந்தீர்கள். இப்போது சொல்லுங்கள். காலை ஆறு மணிக்குக் கேசவன் வந்து நிற்பான். அவன் எதிரில், மகள் எதிரில் சீனிவாசலு உண்மையைச் சொல்லிவிட வேண்டுமா? இல்லை, கோமளாவிடம் மட்டும் சொன்னால் போதுமா? அவள் தன் மேல் போட்டுக்கொண்ட பழியை யார் இறக்கி வைப்பது? எனக்குக் கை ஓடவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் தாண்டின ஆண்கள் இந்தத் தடவை கட்டாயம் எழுதுங்கள். நீங்கள் சீனிவாசலுவாக இருந்தால் அந்தத் திறந்த கதவு வழியாக உள்ளே போய் முதலில் என்ன சொல்வீர்கள்? ஒரு தபால் கார்டு போதும்.